கண் டாக்டர் ‘நார்மல்’ என்கிறார். அம்மாவின் கை ஏன் டம்ளரைத் தவறவிடுகிறது?

மறதி நோய் பற்றி வரும் கடிதங்களில் ஞாபகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். இந்த மாதம் வந்தவற்றில் ஐந்து, பார்வையைப் பற்றியவை. மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினோம், புரை ஆபரேஷனும் செய்தோம். கண்ணில் குறையே இல்லை என்கிறார் டாக்டர். ஆனால் டம்ளரை எடுக்கப் போகிற கை பக்கத்தில் காற்றைப் பிடிக்கிறது. பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்பு தெரியவில்லை என்கிறார். அதே பக்கத்தில் பொடி எழுத்து வரி விளம்பரத்தைப் படித்துவிடுகிறார். மார்கழியில் பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிறவர், இந்த வருடம் புள்ளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஞாபகம் நன்றாக இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணம் என்றைக்கு நடந்தது என்று தேதியோடு சொல்வார். வேலை செய்ய மனமில்லாமல் நடிக்கிறார் என்று வீட்டில் பேசுகிறார்கள்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

உங்கள் அம்மா நடிக்கவில்லை. இந்த ஒரு வரியை முதலில் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

என் அப்பா தையற்காரர். விருதுநகரில் எட்டடி அகலக் கடை, காலால் மிதிக்கிற மெஷின் இரண்டு. 1991-ல் அவருக்கு 57 வயது. சட்டைத் துணியில் சாக்கட்டியால் சரியாகக் கோடு போடுவார். கத்தரி அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஓடும். இஞ்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே இஞ்ச் டேப்பைத் தேடுவார். ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார். அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்த பெண், எங்கள் தெருவில் இருபது வருடம் அவரிடம் தைத்தவர். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். நானேதான் அவரை இரண்டு கண் ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிப்போனேன். எழுத்து அட்டையில் கடைசிக்கு முந்திய வரிசை வரை படித்தார். நிறப்புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்: சிவப்பு, பச்சை, காவி. எண்ணைக் கேட்டால், “எண்ணா? எங்கே இருக்கு?” என்றார். நிறக்குருடு என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். நாற்பது வருடம் துணிக்கு நூல்கண்டு நிறம் பொருத்திய மனிதருக்கு நிறக்குருடு எப்படி வரும் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இன்னொரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு வருடம் கழித்து நரம்பியல் மேற்படிப்பில் சேர்ந்தபிறகு, கல்லூரி நூலகத்தில் ஒரு மதியம், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சனும் அவர் சகாக்களும் 1988-ல் எழுதிய கட்டுரை கைக்கு வந்தது. ஐந்து நோயாளிகளைப் பற்றியது. ஞாபகம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, ஆனால் பார்ப்பதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதற்கு போஸ்டீரியர் கார்டிகல் அட்ரோஃபி, அதாவது மூளையின் பின்பகுதிச் சுருக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். படிக்கப் படிக்க அப்பாவின் கத்தரிதான் கண்முன் வந்தது. உங்கள் அம்மாவுக்கும் இதுவாக இருக்கலாம் என்றுதான், நேரில் பார்க்காவிட்டாலும், சந்தேகப்படுகிறேன்.

இப்போது மூளைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். கண்ணிலிருந்து கிளம்பும் பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை தலாமஸ் என்ற நடுநிலையத்தில் மாறி, பின்மண்டைக்குப் போகின்றன. படுத்தால் தலையணையில் அழுந்துகிற இடம். அங்கே முழுப்படமாக எதுவும் போய்ச் சேர்வதில்லை. கோடு, சாய்வு, நிறம், அசைவு என்று துண்டு துண்டாகப் பிரிகிறது. 1991-ல் குரங்கின் மூளையைப் பகுத்து எண்ணியவர்கள், பார்வை வேலை செய்யும் பகுதிகள் மட்டும் முப்பதுக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். தையற்கடையில் வளர்ந்தவளுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாம் கச்சிதமாக வெட்டி மேசைமேல் கிடந்தாலும் அது சட்டை ஆகாது. தைத்தால்தான் சட்டை. மூளையில் அந்தத் தையல் என்பது பகுதிக்குப் பகுதி ஓடும் வெள்ளை நரம்பிழைகளும், அவற்றின் வழியே நடக்கும் ஓயாத பேச்சும்தான்.

பின்மண்டையிலிருந்து இரண்டு பெருவழிகள் பிரிகின்றன. கீழ்வழி காதுப்பக்கமாகப் போய் ‘இது என்ன’ என்று சொல்கிறது. மேல்வழி உச்சந்தலைப் பக்கமாகப் போய் ‘அது எங்கே இருக்கிறது, கையை எப்படி நீட்டுவது’ என்று சொல்கிறது. இந்த இரண்டும் எவ்வளவு தனித்தனியானவை என்பதை 1990-களில் ஒரு பெண்மணி உலகுக்குக் காட்டினார். மருத்துவ ஏடுகளில் அவர் பெயர் வெறும் இரண்டு எழுத்து, டி.எஃப். விஷவாயுவால் அவருடைய கீழ்வழி கெட்டுப்போயிருந்தது. எதிரில் உள்ள துளை படுக்கைவாட்டா செங்குத்தா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆனால் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து அதில் போடச் சொன்னால், தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல் சரியாகத் திருப்பிப் போட்டுவிடுவார். உங்கள் அம்மாவுக்கு நடப்பது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். டம்ளர் என்று தெரிகிறது. அதன் இடம் கைக்குப் போய்ச் சேரவில்லை. மேல்வழித் தையல் பிரிகிறது.

கோலமும் அப்படியே. ஹங்கேரி மருத்துவர் ரெஜோ பாலின்ட் 1909-லேயே எழுதிவைத்தார்: மேல்வழி இரண்டு பக்கமும் கெட்டால், ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்கு மேல் கண்ணில் நிற்காது. ஒரு புள்ளி தெரியும். அடுத்ததைப் பார்த்ததும் முதல் புள்ளி நழுவிவிடும். பதினைந்து புள்ளியைச் சுற்றி இழையை எப்படி இழுப்பார்? கொட்டை எழுத்து விவகாரத்துக்கும் இதுதான் விடை. அவர் கவனம் பிடிக்கிற வட்டம் சுருங்கிவிட்டது. பொடி எழுத்துச் சொல் அந்த வட்டத்துக்குள் அடங்கும். பெரிய தலைப்பில் ஓர் எழுத்தின் கால்வாசிதான் அடங்கும். பெரியதைப் படிக்காமல் சின்னதைப் படிப்பதால்தான் வீட்டார் நடிப்பு என்கிறார்கள். எனக்கோ இந்த நோயைச் சந்தேகிக்க வைக்கும் முக்கியமான அடையாளம் அதுதான்.

இந்த நோய்க்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அல்சைமர்தான். மூளையில் சேரும் அதே அமிலாய்டு புரதப் படிவு, அதே டௌ புரதம். வழக்கமான அல்சைமரில் ஞாபகத்துக்கான பகுதியில் தொடங்கும் டௌ, இதில் பின்மூளையில் குவிகிறது. 50-க்கும் 65-க்கும் இடையில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஆகவே மறதி நோய் என்று யாருக்கும் தோன்றாது. கண்ணாடிக் கடைக்கும் வீட்டுக்குமாக வருடங்கள் போய்விடும். ஆங்கில நாவலாசிரியர் டெரி பிராட்செட்டுக்கு 2007-ல், 59 வயதில், இதே நோய் என்று தெரிந்தது. டைப் செய்ய முடியாமல் போனது. வாயால் சொல்லிச் சொல்லியே 2015-ல் இறக்கும் காலம் வரை எழுதினார். இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். அவருக்குப் புரியும். இந்த நோயாளிகளுக்குத் தங்களுக்கு என்ன நடக்கிறது என்று நெடுநாள் தெரிந்தே இருக்கும். அதனால்தான் ‘நடிப்பு’ என்ற சொல் அவ்வளவு ஆழமாகப் பாய்கிறது.

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். “கண் பரிசோதனை எல்லாம் முடிந்தது, கை தவறுகிறது, கோலம் போட முடியவில்லை, பெரிய எழுத்துப் படிக்க முடியவில்லை” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படங்களைப் பிரித்துச் சொல்லச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ.-யில் பின்பகுதியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டும் பி12-ம் பார்த்துவிடட்டும். டோனெபசில் போன்ற மாத்திரை சிலருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். நோயை நிறுத்தும் மருந்து என்று யாராவது ஏதாவது விற்றால் வாங்காதீர்கள். அம்மா ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்றால் சாவியை இன்றே வாங்கி வையுங்கள்.

என் அப்பாவுக்கு 74 வயது. சாயங்காலம் ஆனால் கட்டிலில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். “பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு” என்று என் மனைவியிடம் சொல்வார். பயப்படுவதில்லை. சில நாள் தெளிவாக இருப்பார், சில நாள் மந்தமாக இருப்பார். நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது. உறவினர்கள் சொல்லி மந்திரித்துக் கயிறும் கட்டினோம். பிறகு ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். மூன்று நாள் கட்டைபோல் கிடந்தார், வாய் திறந்து விழுங்க முடியவில்லை. இது என்ன?
— ஒரு வாசகர், சிவகாசி

அந்த ஊசியின் பெயர் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் அல்லது அந்த இனத்து மருந்தாக இருந்தால், “இது அப்பாவுக்கு ஆகாது” என்று சிவப்பு மையில் எழுதி எல்லா மருத்துவச் சீட்டுகளுக்கும் மேலே வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் இதுதான்.

நீங்கள் எழுதியிருப்பது லூயி பாடி டிமென்ஷியா என்ற வகை மறதி நோயின் சித்திரம். தெளிவான உருவங்கள், அதிலும் குழந்தைகள், சின்ன விலங்குகள், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, பார்க்கின்சன்போல் நடை. இன்னொன்று கேட்கிறேன், அம்மா இருந்தால் அவரிடம் விசாரியுங்கள்: பல வருடங்களாகவே தூக்கத்தில் கத்துவது, காலை உதைப்பது, கனவில் யாரையோ அடிப்பது உண்டா? இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். நரம்புச் செல்லுக்குள் சேரும் புரத உருண்டைகளை 1912-ல் ஃபிரெடரிக் லூயி கண்டார். அவை மூளையின் மேற்பட்டை முழுக்கப் பரவி மறதி நோயை உண்டாக்குவதை 1976-ல் ஜப்பானின் கென்ஜி கோசாக்கா எடுத்துக்காட்டினார்.

குழந்தைகள் எங்கிருந்து வருகிறார்கள்? இந்த நோயில் பின்மூளையின் பார்வைப் பகுதி தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. பெட் ஸ்கேனில் அந்த இடம் மங்கலாகத் தெரியும், அதாவது சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது. கூடவே, மூளையின் அடிப்பகுதியிலிருந்து மேற்பட்டை முழுவதற்கும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தை அனுப்பும் செல்கள் பெருவாரியாக அழிகின்றன. கவனத்தை ஒரு பொருளின்மேல் நிறுத்துவது அந்த ரசாயனத்தின் வேலை. ஆக, கீழிருந்து வரும் தகவல் மங்கல். அதைச் சரிபார்க்கும் கவனமும் தளர்ந்துவிட்டது. மூளையோ இடைவெளியை இடைவெளியாக விடாது. தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பும். மடித்த போர்வையும் சாய்ந்த தலையணையும் மங்கிய வெளிச்சமும் சேர்ந்தால் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் 2012-ல் இதையே பரிசோதனையாக ஆக்கினார்கள்: பூ, மரம், நிலம் என்று சாதாரணப் படங்களைக் காட்டினால், இந்த நோயாளிகள் அவற்றில் முகங்களையும் மிருகங்களையும் நிறையக் காண்கிறார்கள்.

எனவே முதல் மருந்து விளக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கே அந்த அறையில் நல்ல விளக்கைப் போடுங்கள். போர்வையை மடித்துக் கட்டிலில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். குழந்தைகள் வந்துவிட்டால் அப்பாவிடம் வாதாட வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். “எனக்குத் தெரியலைப்பா, உங்களுக்குத் தெரியுது போல” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பயப்படாத வரை அந்தப் பிள்ளைகள் யாருக்கும் தீங்கில்லை.

ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து குறைந்துபோன அசிடைல்கோலினைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். லூயி பாடி நோயாளிகளுக்குப் பலன் தருகிறது என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆய்வு வந்தது. உருவங்கள் குறைவதைப் பலரிடம் நானே பார்த்திருக்கிறேன். இ.சி.ஜி. பார்த்துவிட்டு மருத்துவர் தொடங்குவார். மறுபக்கம், ஹாலோபெரிடால் வகை மருந்துகள் இவர்களை இறுக்கி முடக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 1992-லேயே எச்சரித்துவிட்டார்கள். சளிக்கு நாமாகக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரைகூட அசிடைல்கோலினை மறிக்கும்; அதுவும் வேண்டாம். ஒரே நாளில் குழப்பம் திடீரென்று மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றா, சோடியம் குறைவா என்று அன்றே பாருங்கள்.

கயிறு கட்டியதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊசியைவிடக் கயிறு சாதுவானது.

பாட்டியின் எம்.ஆர்.ஐ.-யில் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனால் மூளையின் ‘இணைப்புகள்’ அறுந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். ஸ்கேனில் தெரியாத இணைப்பு எப்படி அறும்? அதைப் பார்க்கத் தனி ஸ்கேன் உண்டா?
— ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டும், அதன் பேச்சைக் காட்டாது. தெருவில் டெலிபோன் கம்பி எல்லாம் ஒழுங்காகத் தொங்கலாம். பேசினால் மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்கலாம்.

பேச்சைக் கேட்கும் வழியை 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வு மாணவராக இருந்த பரத் பிஸ்வால் கண்டுபிடித்தார். எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும் மனிதரின் மூளையில், இடதுகையை ஆட்டும் பகுதியும் வலதுகையை ஆட்டும் பகுதியும் ஒரே தாளத்தில் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தார். கையோ அசையவே இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தை இரைச்சல் என்று அதுவரை எல்லோரும் கழித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகள் சேர்ந்து வேலை செய்கிறவை. அதைத்தான் இணைப்பு என்கிறோம். 2004-ல், அல்சைமர் நோயாளிகளுக்கு இந்தத் தாளம் குலைவதைக் காட்டினார்கள்.

ஆனாலும் தம்பி, அது இன்றைக்கு ஆய்வுக்கூடத்துக் கருவி. நூறு பேரை இன்னொரு நூறு பேரோடு ஒப்பிட உதவும். உங்கள் பாட்டி ஒருவரை வைத்து நோயைச் சொல்ல உதவாது. தனியாக யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பாட்டியிடம் பேசும் மருத்துவர் அதைவிட நிறையக் கண்டுபிடிப்பார்.

வெளிநாட்டில் இருக்கிறேன். போனில் பேசினால் அம்மா “கண்ணு, சாப்பிட்டியாடி?” என்று உருகுகிறார். லீவில் போய் நேரில் நின்றால், “நீ என் மகள் இல்லை, அவளை மாதிரி வேஷம் போட்டு வந்திருக்கே” என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். டாக்டர், நான் என்ன தப்பு செய்தேன்?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

ஒரு தப்பும் இல்லையம்மா. இந்தக் கடிதத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னால் அடுத்ததை எடுக்க முடியவில்லை.

இதற்குக் காப்கிரா என்று பெயர். 1923-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்பு அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆய்வு செய்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1997-ல் வில்லியம் ஹெர்ஸ்டைனோடு சேர்ந்து எழுதிய ஆய்வில் உங்கள் அம்மாவைப் போன்ற ஓர் இளைஞர் வருகிறார். தலையில் அடிபட்டவர். பெற்றோரை நேரில் பார்த்தால் போலி என்பார்; போனில் அதே பெற்றோரோடு இயல்பாகப் பேசுவார். முகத்தை அடையாளம் காணும் இடம் அவருக்கு நன்றாகவே இருந்தது. அங்கிருந்து பாசம், பயம் எல்லாம் ஊறும் இடத்துக்குப் போகும் இணைப்புதான் அறுந்திருந்தது. நமக்கு வேண்டியவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளங்கையில் நமக்கே தெரியாமல் லேசாக வியர்க்கும். அவருக்குப் பெற்றோர் படத்தைப் பார்த்தும் அந்த வியர்வை வரவில்லை. முகம் அப்பா முகம், ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அப்படியென்றால் இவர் வேறு யாரோ என்று மூளை முடிவுகட்டுகிறது. குரல் வேறு வழியாகப் போகிறது. அந்த வழி திறந்திருக்கிறது. மறதி நோயிலும் இது வரும், லூயி பாடி வகையில் கொஞ்சம் அதிகம்.

ஆகவே அடுத்த முறை குரலாகவே வீட்டுக்குள் போங்கள். வாசலுக்கு வெளியே நின்று போன் போடுங்கள். “அம்மா, நான்தான், பக்கத்துல வந்துட்டேன்” என்று பேசிக்கொண்டே நடந்து போங்கள். முகத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து பேச்சை நிறுத்தாமல் கையைப் பிடியுங்கள். மறுபடி கதவைச் சாத்தினால் நிரூபிக்கப் போராடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து வெளியிலிருந்து மறுபடியும் கூப்பிடுங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் மகன் இப்படித்தான் இரண்டு வருடம் அம்மாவோடு இருந்தார், சமையலறையிலிருந்து சத்தமாகப் பேசிக்கொண்டே.

மாமியாருக்கு அல்சைமர், எட்டு வருடம் ஆகிறது. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். குளியலறை வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று அழுகிறார். கண்ணாடியைப் பார்த்து யாரோ பொம்பளை நிற்கிறாள் என்கிறார். வீட்டில் என்ன மாற்றலாம்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

எந்தத் தட்டு என்று நீங்கள் எழுதவில்லை. எவர்சில்வராகத்தான் இருக்கும். நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள்: மேலே டியூப்லைட், கீழே பளபளக்கும் தட்டு, அதில் தயிர்சாதம். வெள்ளைக்குள் வெள்ளை. அல்சைமரில், ஒன்றிலிருந்து ஒன்றை நிறவேறுபாட்டால் பிரித்தறியும் திறன் முன்னதாகவே மங்கத் தொடங்கிவிடும். சோறு எங்கே முடிகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் குரோனின்-கோலம்பும் சகாக்களும் 2004-ல், நோய் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டு, டம்ளருக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடு 25 சதவீதமும் குடித்த அளவு 84 சதவீதமும் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத மருந்து. உங்கள் ஊரில் வாழையிலைக்குப் பஞ்சமே இல்லை. பச்சைமேல் வெள்ளைச் சோறு எவ்வளவு எடுப்பாகத் தெரியும்! இலை இல்லாத நாளில் அடர்நீலத் தட்டோ சிவப்புத் தட்டோ போதும். வேலைப்பாடு இல்லாமல் ஒரே நிறமாக இருக்கட்டும். பூப்போட்ட தட்டு என்றால் பூவைப் பிய்த்துத் தின்னப் பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம் வையுங்கள். தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் கொடுக்காதீர்கள். தண்ணீரும் தெரியாது, டம்ளரும் தெரியாது.

குளியலறை வாசலில் கருப்பு மிதியடி கிடக்கிறதா? அவருக்கு அது பள்ளம். தரை நிறத்திலேயே ஒன்று வாங்கிப் போடுங்கள். டைல்ஸில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் தண்ணீர் தேங்கியிருப்பதுபோல் தெரியும். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறை இருந்தால் இருக்கையை மட்டும் நிறமாக மாற்றுங்கள். படி விளிம்பில் மஞ்சள் டேப். முகம் பார்க்கும் கண்ணாடிமேல் ஒரு பழைய புடவையைத் தொங்கவிடுங்கள், அந்தப் பொம்பளை போய்விடுவாள்.

கண்ணாடியின் பவரையும் புரையையும் பார்க்காமல் விடவேண்டாம். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-ல், மறதி நோய்க்கு வழிவகுக்கும், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டபோது, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் புதிதாகச் சேர்த்தது. கண்ணைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கும்பகோணத்து வாசகிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது. அம்மாவிடமிருந்து கோலமாவுக் கிண்ணத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். கடையை மூடியபிறகு என் அப்பா ஆறு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் என் தம்பி வெட்டுத்துணி மூட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் கொட்டினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலில் தேய்த்துப் பார்த்தார். “இது காடா, இது பாப்ளின், இது டெரிகாட்டன், இதை யாருடா கொண்டுவந்தது, சாயம் போகும்” என்று பிரித்து அடுக்கினார். அன்றுமுதல் தினமும் காலையில் அந்த மூட்டையை நாங்கள் கலைத்து வைப்போம். மதியத்துக்குள் அவர் நான்கு அடுக்காக அடுக்கிவிடுவார்.